செங்கல்பட்டு கோர்ட்டில் ஒரு தகப்பனார் போட்ட வழக்கு

ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் முக்கால் மணிக்குள் செங்கல்பட்டு. நம்மில் பலர் பட்டா, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை என்று ஏதாவது ஒரு காரியமாக அங்கே அலைந்தவர்கள்தான். அந்த ஊர் ஜில்லா கோர்ட்டில் 1912 அக்டோபர் மாதம் ஒரு வழக்குப் பதிவானது. வழக்குப் போட்டவர் ரிட்டயர்டு தாசில்தார். எதிராளி அன்றைக்கு உலகம் அறிந்த அம்மையார். கேட்டது நிலமோ பணமோ இல்லை, தன் இரண்டு மகன்கள். ஒன்றரை வருடத்தில் அந்த வழக்குச் சென்னை ஹைகோர்ட்டைத் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது.

தகப்பனார் பெயர் ஜிட்டு நாராயணையா. எதிராளி அன்னி பெசன்ட். மூத்த பையன் ஜே. கிருஷ்ணமூர்த்தி, இளையவன் நித்யானந்தா. கிருஷ்ணமூர்த்தியின் பெயரைக் கேட்டவர்களுக்கும் அவருடைய அப்பாவின் வழக்குத் தெரிந்திருப்பதில்லை. அது நம் செங்கல்பட்டில் தொடங்கியது என்பது இன்னும் குறைவான பேருக்கே தெரியும்.

அந்த வழக்கில் எழுந்த கேள்வி இன்றைக்கும் பல வீடுகளில் கேட்கிறது. பிள்ளையை இன்னொருவர் கையில் விட்டுவிட்டுப் போன பெற்றோர் பிறகு வந்து, "என் பிள்ளை, எனக்குத்தான் உரிமை" என்று சொன்னால் என்ன செய்வது? பெற்ற உரிமை எவ்வளவு காலம் அப்படியே இருக்கும்?

நாராயணையாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துக்கொண்டு மேலே படித்தால் கதை தப்பாகிவிடும்.

மதனப்பள்ளிக்காரர். தெலுங்கு பிராமணக் குடும்பம். ரெவின்யூ இலாகாவில் வேலை. மனைவி சஞ்சீவம்மா 1905-ல் கடப்பையில் காலமானார். கிருஷ்ணமூர்த்தி எட்டாவது குழந்தை. அம்மா போனபோது அவனுக்குப் பத்து வயது. 1907 கடைசியில் நாராயணையா ரிட்டயர் ஆனார். பென்ஷன் மாதம் 112 ரூபாய், வாங்கிய சம்பளத்தில் பாதி. வீட்டில் மனைவி இல்லை. நான்கு பையன்களை வளர்த்துப் படிக்க வைக்க வேண்டும். பென்ஷன் வாங்குகிற நமக்கு அந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1882-லிருந்தே அவர் தியாசபிகல் சொசைட்டி அங்கத்தினர். 1907-ல் அதன் தலைவரான அன்னி பெசன்ட்டுக்குக் கடிதம் எழுதினார். அடையாறில் தங்க இடம் கொடுத்தால் சம்பளமில்லாமல் சொசைட்டிக்கு வேலை செய்கிறேன் என்றார். அம்மையார் முதலில் ஒப்பவில்லை. அவர் விடாமல் எழுதினார். கடைசியில் வேலை கிடைத்து 1909 ஜனவரியில் பிள்ளைகளுடன் அடையாறு வந்தார். சொசைட்டியின் மதில்களுக்கு வெளியே ஒரு பழைய வீடு. பிள்ளைகள் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கு நடந்தே போய் வந்தார்கள். கிருஷ்ணனுக்குப் பாடம் ஏறவில்லை, பள்ளியில் அடிதான் கிடைத்தது.

அந்த வருடமே, அடையாறு கடற்கரையில் குளிக்க வந்த பையன்களைச் சொசைட்டியின் முக்கியஸ்தர் லெட்பீட்டர் பார்த்தார். இந்தப் பையன் சாதாரணமானவன் இல்லை, உலகுக்கு வரப்போகும் குருவுக்கு உடலாக அமையப்போகிறவன் என்று சொன்னார். நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் விடட்டும். நமக்கு வேண்டியது அடுத்து நடந்தது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். சொசைட்டியிலேயே பாடம், நல்ல சாப்பாடு, சுத்தமான துணி. 1910 மார்ச் 6-ம் தேதி நாராயணையா ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கிருஷ்ணமூர்த்திக்கும் நித்யாவுக்கும் அன்னி பெசன்ட்டே கார்டியன் என்பது அதன் சாரம். பிள்ளைகளை இங்கிலாந்தில் படிக்க வைத்து ஆக்ஸ்போர்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு.

தாயில்லாப் பிள்ளைகள், பாதிச் சம்பளம், ஆக்ஸ்போர்டு. அந்த இடத்தில் இருந்தால் நம்மில் எத்தனை பேர் மாட்டேன் என்று சொல்லியிருப்போம்?

ஆனால் சில மாதங்களிலேயே அவர் மனம் அமைதி இழந்தது. 1911-ல் பையனைத் தலைவனாக வைத்து ஒரு சங்கமே உண்டானது. பெரிய பெரிய மனிதர்கள் அவன் காலில் விழுந்தார்கள். தன் மகனைத் தெய்வமாக்கி வைத்து ஊர் சிரிக்கப் போகிறது என்ற பயம் தகப்பனாருக்கு. அதைவிடப் பெரிய பயம் லெட்பீட்டரைப் பற்றியது. அந்த மனிதர் சிறுவர்களுக்குச் சொன்ன சில ஆலோசனைகளுக்காக 1906-லேயே சொசைட்டியை விட்டு விலக வேண்டி வந்து, பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். அவரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வையுங்கள் என்று நாராயணையா கேட்டார். 1912 தொடக்கத்தில், படிப்புக்காகப் பிள்ளைகளை இங்கிலாந்து அழைத்துப் போவதற்கு மறுபடி சம்மதித்தார். அவர்கள் கப்பல் ஏறினார்கள். ஆனால் சிசிலித் தீவில் லெட்பீட்டருடனேயே சில மாதம் தங்கினார்கள். அம்மையார் இந்தியா திரும்பியபோது பையன்கள் கூட வரவில்லை. தகப்பனார் தான் கொடுத்த அதிகாரத்தை ரத்துச் செய்து கடிதம் எழுதினார். பிறகுதான் கோர்ட்.

ஏன் செங்கல்பட்டு கோர்ட் என்று கேட்கலாம். அடையாறு ஆற்றுக்குத் தெற்கே இருந்த சொசைட்டியின் நிலம் அன்றைக்குச் சென்னைப் பட்டணத்துக்குள் சேராது. அது செங்கல்பட்டு ஜில்லா. 1890-ம் வருடத்துக் கார்டியன்கள், மைனர்கள் பற்றிய சட்டப்படி, மைனர் வழக்கமாக வசிக்கும் ஜில்லாவின் கோர்ட்டில்தான் மனுப்போட வேண்டும். ஆகவே செங்கல்பட்டு. 'வழக்கமாக வசிக்கும்' என்ற அந்த இரண்டு சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதில்தான் வழக்கு விழுந்தது.

வழக்கு அங்கிருந்து சென்னை ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. 1913 மார்ச்சில் நீதிபதி பேக்வெல் முன் விசாரணை. நாராயணையாவுக்காக ஆஜரானவர் அப்போது இளம் வக்கீலாக இருந்த சி. பி. ராமசாமி ஐயர். அன்னி பெசன்ட் வக்கீல் வைக்கவில்லை. தன் கட்சியைத் தானே பேசினார். ஊரே அந்த வழக்கைப் பற்றிப் பேசியது.

ஏப்ரல் 15-ம் தேதி தீர்ப்பு. லெட்பீட்டர் மீது தகப்பனார் சொன்ன குறிப்பான குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றார் நீதிபதி. ஆனாலும் அந்த மனிதரின் கருத்துகள் பையன்களுக்கு ஆசிரியராக இருக்கத் தகுதியில்லாதவை என்றும் சொன்னார். தகப்பன் கொடுத்த அதிகாரத்தைத் தகப்பன் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், மே மாதக் கடைசிக்குள் பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு. அம்மையார் அப்பீல் செய்தார். அக்டோபர் 29-ம் தேதி இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்சும் அதையே உறுதிசெய்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, எதிர்க்கட்சியில் நின்ற அம்மையாரின் பழைய கதையைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் இந்த வழக்கின் கனம் புரியாது.

அன்னி பெசன்ட்டும் ஒரு காலத்தில் பிள்ளையைக் கோர்ட்டில் பறிகொடுத்தவர். அவருடைய புருஷன் ஃபிராங்க் பெசன்ட் ஒரு பாதிரியார். அம்மையாருக்கு மத நம்பிக்கை போனது. 1873-ல் பிரிந்தார்கள். பையன் டிக்பி அப்பாவிடம், பெண் மேபல் அம்மாவிடம் என்று எழுதிக்கொண்டார்கள். 1877-ல் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு புத்தகத்தைச் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து வெளியிட்டதற்காக அம்மையார் மீது வழக்கு நடந்தது. அதைக் காரணம் காட்டி 1878-ல் பாதிரியார் கோர்ட்டுக்குப் போனார். தாய் நாத்திகம் பேசுகிறவள், குழந்தைக்கு மதம் சொல்லித் தராதவள் என்று சொல்லி, எட்டு வயதுகூட நிறையாத மேபலைத் தாயிடமிருந்து எடுத்துத் தகப்பனிடம் கொடுத்தது லண்டன் கோர்ட். அந்தப் பெண்ணுக்கு என்ன விருப்பம் என்பதில் வழக்கு நிற்கவில்லை. தகப்பன் உரிமை பெரியது, அவ்வளவுதான். வயது வந்ததும் டிக்பி, மேபல் இருவரும் தாமாகவே தாயைத் தேடி வந்து சேர்ந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படித் தகப்பன் உரிமை என்ற ஒரே பலத்தால் மகளை இழந்த தாய், 35 வருடம் கழித்துச் சென்னையில் நின்று, இன்னொரு தகப்பனின் உரிமைக்கு எதிராக வாதாடினார். அவருக்கு அந்தப் பழைய காயம் மறந்திருக்குமா? நிச்சயமாக மறந்திருக்காது. ஆனால் நாராயணையாவின் காயம் அவருக்குப் புரிந்ததா என்று கேட்டால், அதற்கு அவருடைய செய்கையில் பதில் கிடைப்பதில்லை. நமக்கு நடந்த அநியாயம், அடுத்தவனுக்கு நாம் செய்வதைக் காணவிடாமல் சில சமயம் கண்ணை மறைத்துவிடும்.

1914 மே மாதம் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. தீர்ப்பை வாசித்தவர் லார்ட் பார்க்கர். அம்மையாருக்கு வெற்றி. ஆனால் எந்தக் காரணத்தால் வெற்றி என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் உண்டு.

முதலாவது, தகப்பன் உரிமை. இந்தக் கட்டத்தில் கவுன்சில் நாராயணையா பக்கமே பேசியது. தகப்பன்தான் பிள்ளைகளின் இயற்கைக் காப்பாளன். அந்தப் பொறுப்பு நம்பி ஒப்படைக்கப்பட்ட புனிதமான பொறுப்பு. ஆகவே உயிரோடிருக்கும்போது தன் இடத்தில் இன்னொருவரை நிரந்தரமாக உட்கார வைக்க அவனால் முடியாது. வளர்ப்பையும் படிப்பையும் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் அது திரும்பப் பெறக்கூடிய அதிகாரம்தான். கையெழுத்துப் போட்டதாலேயே தகப்பன் தகப்பனாக இல்லாமல் போவதில்லை.

இரண்டாவது, அதற்கு ஒரு வரம்பு. ஒப்படைத்த பிறகு அந்தப் பிள்ளைக்கு அங்கே உறவுகளும் வாய்ப்புகளும் வளர்ந்துவிட்டால், திரும்பப் பிடுங்குவது பிள்ளைக்குக் கெடுதல் என்று தெரிந்தால், கோர்ட் குறுக்கிட்டுத் தகப்பனைத் தடுக்கலாம். நாற்றை ஒரு வயலில் நட்டு அது வேர் பிடித்த பிறகு, விதை என்னுடையது என்று பிடுங்கப் போனால் பயிர்தான் சாகும். கவுன்சில் இந்த உவமையைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

மூன்றாவதுதான் வழக்கை முடித்தது. பையன்கள் பல மாதமாக இங்கிலாந்தில், அங்கேயே படிப்பதற்காக இருக்கிறார்கள். அவர்கள் செங்கல்பட்டு ஜில்லாவில் வழக்கமாக வசிப்பவர்கள் என்று எப்படிச் சொல்வது? ஆகவே செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அதிகாரமில்லை. அங்கிருந்து வழக்கை எடுத்துக்கொண்ட ஹைகோர்ட்டுக்கும் இல்லை. அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். பையன்கள் சார்பில் கோர்ட்டில் யாரும் இல்லை, அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டவர்களும் இல்லை. கேட்காமலேயே அவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்து ஒப்படை என்று உத்தரவு போடுவது எப்படிச் சரி? வேண்டுமானால் தகப்பனார் இங்கிலாந்துக் கோர்ட்டில் மனுச் செய்யட்டும், அங்கே பையன்களின் நலனும் விருப்பமும் சேர்த்துப் பார்க்கப்படும் என்று முடித்தார்கள்.

அப்போது கிருஷ்ணமூர்த்திக்கு 19 வயது. நித்யாவுக்குப் பதினாறு. மீசை அரும்புகிற வயதில் உள்ள இரண்டு பையன்களை, மேஜை நாற்காலி போல யாருக்குச் சொந்தம் என்று இரண்டு கோர்ட்டுகள் பேசியிருக்கின்றன. 1890 சட்டத்தின் 17-வது பிரிவிலேயே, தானாக யோசித்துச் சொல்லும் வயதுள்ள மைனரின் விருப்பத்தையும் கோர்ட் கவனிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இருந்த வரி அந்தப் பிள்ளைகளிடம் வந்து சேரவில்லை.

நாராயணையா அதற்கப்புறம் இங்கிலாந்தில் வழக்குத் தொடரவில்லை. சில வாரங்களிலேயே முதல் உலகப் போர் வந்தது. ஆக்ஸ்போர்டு கனவும் நிறைவேறவில்லை. கல்லூரிகள் பையனைச் சேர்க்கத் தயங்கின. கிருஷ்ணமூர்த்தி லண்டன் மெட்ரிகுலேஷனில் திரும்பத் திரும்பத் தோற்றார், எந்தப் பட்டமும் வாங்கவில்லை. எந்தப் படிப்பை நம்பித் தகப்பனார் கையெழுத்துப் போட்டாரோ அது மூத்த மகனுக்குக் கிடைக்கவேயில்லை. 1912-ல் கப்பலேறிய பிள்ளைகள் மறுபடி இந்தியா வந்தது 1921 டிசம்பரில். கிட்டத்தட்டப் பத்து வருடம். வந்ததும் தகப்பனாரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் 1924-ல் காலமானார். அடுத்த வருடமே நித்யா காசநோயால் கலிபோர்னியாவில் இறந்தார். மூத்தவர் 1929-ல், தன்னைத் தலைவனாக வைத்த சங்கத்தைத் தானே கலைத்து, நான் யாருக்கும் குரு இல்லை என்று வெளியே வந்தார். பிள்ளையை யாருக்குச் சொந்தம் என்று பெரியவர்கள் அடித்துக்கொண்டார்கள். பிள்ளை கடைசியில் இருவர் பேச்சையும் கேட்காமல் தன் வழியில் போனார். சி. பி. ராமசாமி ஐயரோ, தான் எதிர்த்து வாதாடிய அதே அம்மையாரோடு ஹோம் ரூல் இயக்கத்தில் தோளோடு தோள் நின்றார். பெரிய மனிதர்களின் பகை சீக்கிரம் ஆறிவிடும். வீட்டில் உட்கார்ந்திருந்த தகப்பனாருக்குத்தான் பத்து வருடம் போனது போனதுதான்.

நாராயணையா விட்டுக்கொடுத்தவர், விட்டுவிட்டு ஓடிப்போனவர் அல்ல. இரண்டும் வேறு. ஆனால் ஓடிப்போன தகப்பனும் நம் ஊர்களில் உண்டு. சீட்டுக் கடன், குடி, இன்னொரு குடும்பம், கண்காணாத தேசத்து வேலை என்று காரணம் பலவிதம். பிள்ளையைத் தாயோ, தாயின் அப்பா அம்மாவோ வளர்ப்பார்கள். ஜி.எஸ்.டி. ரோடு நெடுக, பேரப்பிள்ளையின் ஸ்கூல் பையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நிற்கிற தாத்தாக்களில் சிலருக்கு இது நடைமுறைக் கவலை. நாளைக்கு அந்த மனிதர் வந்து கேட்டால்?

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டம் மெல்ல மெல்ல நகர்ந்தது. 1956-ல் வந்த இந்து மைனர்கள் சட்டம், தகப்பன்தான் இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பிறகு தாய் என்றது. ஐந்து வயது வரை குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பதையும், எல்லாவற்றையும்விடக் குழந்தையின் நலனே முதன்மை என்பதையும் அதே சட்டத்தில் எழுதி வைத்தார்கள். ஆனால் 'அவருக்குப் பிறகு' என்றால் என்ன? தகப்பன் செத்த பிறகா?

1970-ல் ஜீஜாபாய் என்ற அம்மாளின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறார், ஆனால் இருபது வருடத்துக்கு மேல் தனியே. மகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தாய்தான் மகளையும் மகளின் நிலத்தையும் பார்த்துக்கொண்டார். தகப்பன் இருந்தும் இல்லாதவர் போல்தான், ஆகவே தாயே இயற்கைக் காப்பாளர் என்று கோர்ட் சொன்னது.

பிறகு 1984-ல், கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் பேங்க் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். தாய் கையெழுத்துச் செல்லாது, தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்த வழக்கு முடிய 1999 பிப்ரவரி ஆனது. 'தகப்பனுக்குப் பிறகு' என்பதற்குத் 'தகப்பன் இல்லாதபோது' என்றே பொருள் கொள்ள வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. தகப்பன் வேறிடத்தில் இருந்தாலும், பிள்ளை விஷயத்தில் அக்கறையே காட்டாமல் இருந்தாலும் அதில் அடங்கும். 2015 ஜூலையில் இன்னொரு படி. கல்யாணமாகாத ஒரு தாய் தன் குழந்தைக்குத் தானே கார்டியனாக விண்ணப்பிக்க, குழந்தையை எட்டிப் பார்க்காத தகப்பனின் பெயரையும் சொல்ல வேண்டாம், அவருக்கு நோட்டீஸும் அனுப்ப வேண்டாம் என்று தீர்ப்பானது. பாஸ்போர்ட் விதியும் 2016 டிசம்பரில் மாறியது. இப்போது பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். முன்பு ஒரு கையெழுத்துக்காக, எங்கேயோ போனவரைத் தேடி அலைந்த தாய்மார்களை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

பச்சைக் குழந்தைகள் விஷயத்தில் சட்டம் நாள் கணக்கே வைத்திருக்கிறது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். 2015-ம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டப்படி, வளர்க்க முடியாத பெற்றோர் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறித் திரும்ப வந்து கேட்க அவர்களுக்கு இரண்டு மாதம் உண்டு. அதற்குப் பிறகு குழந்தையைத் தத்துக் கொடுக்க வழி செய்வார்கள். இரண்டு மாதம் மிகக் குறைவு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் கைக்குழந்தைக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு யுகம். அது யார் முகத்தைப் பார்த்துச் சிரிப்பது என்று பழகும் காலம். பெற்றவள் கலங்கிய மனதோடு எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள ஒரு வாசலும் வேண்டும், குழந்தை வாசலிலேயே காத்துக் கிடக்கவும் கூடாது. இரண்டையும் எடை போட்டு வைத்த கணக்கு அது.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விட்டுப் போன தகப்பனின் உரிமை தேயலாம், கடமை தேயாது. எங்கே இருந்தாலும் பிள்ளைக்கு ஜீவனாம்சம் கொடுக்க வேண்டியவர் அவர். பார்க்க வருவதில்லை என்பதால் அந்தப் பொறுப்பு விட்டுப்போவதில்லை. அதேபோலப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அவர் உண்மையாகக் கேட்டால், கோர்ட் எடுத்த எடுப்பில் கதவைச் சாத்துவதுமில்லை. வாரத்தில் ஒரு நாள், மாதத்தில் இரண்டு நாள் என்று பார்க்க விடுவார்கள். தாத்தா பாட்டிகளாகிய நமக்கு இது கசக்கும். வளர்த்தவர்கள் நாம், வந்து நிற்பவர் அவர். ஆனாலும் அந்தச் சந்திப்பு அவருக்குக் கொடுக்கிற பரிசு இல்லை. அப்பா யார், எப்படிப்பட்டவர் என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள அந்தப் பிள்ளைக்கு உள்ள உரிமை. நம் கோபத்தை அதன் தலையில் ஏற்றக்கூடாது.

நம் வயதுக்காரர்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. சின்ன வயதில் விட்டுப் போன தகப்பன், எழுபது வயதில் வந்து, என்னைக் காப்பாற்று என்று மகனைக் கேட்டால்? நம் நாட்டில் 2007-ம் வருடத்து மூத்த குடிமக்கள் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துகிறது. வளர்த்த பெற்றோர், வளர்க்காத பெற்றோர் என்று அது பிரித்து எழுதவில்லை. சிங்கப்பூரில் 1995-ம் வருடத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இதைத் தொட்டது. பிள்ளையைக் கைவிட்ட, கொடுமைப்படுத்திய, கவனிக்காமல் விட்ட பெற்றோர் என்று தெரிந்தால் தொகையைக் குறைக்கலாம், மனுவையே தள்ளலாம். 2023-ல் இன்னும் இறுக்கினார்கள். அப்படிப்பட்ட பெற்றோர் மனுப்போடுவதற்கே முன் அனுமதி வாங்க வேண்டும் என்று ஆக்கினார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் சட்டத்தைப் பார்ப்பதில்லை. "என்ன இருந்தாலும் அப்பா" என்று ஒரு வாய்ச் சோறு போட்டுவிடுவார்கள். அது அவர்கள் பெருந்தன்மை. அதைக் கேட்டு வாங்குகிற உரிமையாக நினைப்பது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

பாரதத்தில் குந்தி கர்ணனைத் தேடிப்போன கதை நமக்குத் தெரிந்ததுதான். ஆற்றில் விட்ட குழந்தையை, போர் வரும் நேரத்தில், மகனே என்று கூப்பிட்டாள். அவன் அவளை அவமதிக்கவில்லை. அர்ஜுனனைத் தவிர மற்ற நான்கு பேரையும் கொல்வதில்லை என்று வாக்குக்கூடக் கொடுத்தான். ஆனால் வளர்த்த ராதையை விட்டும், சோறு போட்ட துரியோதனனை விட்டும் வர மறுத்தான். நம் பெரியவர்கள் அந்தக் கதையைச் சொல்லும்போது கர்ணனைக் குறை சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

செங்கல்பட்டு வழக்கை நான் திரும்பத் திரும்ப யோசிப்பதற்குக் காரணம், அதில் கெட்டவர் என்று ஒருவரைச் சுலபமாகக் கை காட்ட முடியாது என்பதுதான். தகப்பனார் ஏழ்மையில் கையெழுத்துப் போட்டார், பயத்தில் திரும்பக் கேட்டார். அம்மையார் பிள்ளைகள் மேல் உண்மையிலேயே பாசம் வைத்திருந்தார். நீதிபதிகள் சட்டப்படிதான் நடந்தார்கள். ஆனாலும் ஒன்றரை வருட வழக்கில், பையன்களைக் கூப்பிட்டு "உனக்கு எங்கே இருக்க வேண்டும்?" என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை லண்டனில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

இன்றைக்குக் குடும்ப நீதிமன்றங்களில் நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்து, தனியாக உட்கார வைத்துப் பேசுகிறார். பிள்ளை சொல்வதே முடிவு என்று இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறதா, மனதில் இருப்பதைச் சொல்கிறதா என்று அனுபவமுள்ள நீதிபதிக்குத் தெரியும். ஆனால் கேட்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகாமல் வீட்டுத் திண்ணையிலேயே பேசி முடிக்கிற குடும்பங்களும் உண்டு. அப்படிப் பேச உட்காரும்போது, பெரியவர்கள் ஆளுக்கொரு நாற்காலியைப் போட்டுக்கொள்வதற்கு முன்னால் பிள்ளைக்கும் ஒன்றைப் போட்டுவிட வேண்டும்.